பட்டியில் நாய் புகுந்த பிறகு: ஒரு கொரங்காட்டு அனுபவம்

வெள்ளகோவில், காங்கேயம், மூலனூர், சென்னிமலை என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்தாலும், தெருநாய் புகுந்து ஆடு செத்த சேதி அடிக்கடி காதில் விழுகிறது. செத்த ஆடுகளை ரோட்டில் கிடத்தி விவசாயிகள் மறியல் செய்த படங்களைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். மறியல் முடிந்து எல்லோரும் அவரவர் காட்டுக்குப் போன பிறகு அந்தப் பட்டிக்காரர் என்ன ஆகிறார், மிச்சம் இருக்கிற ஆடுகளை எப்படிக் காப்பாற்றுகிறார், கடனை எப்படிக் கட்டுகிறார் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. 2024 கார்த்திகையில், ராத்திரி செம்மறிகளை அடைக்கிற எங்கள் பட்டியில் நாய் புகுந்தது. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். வீட்டில் நானும், காது மந்தமான அத்தையும், ஏழாவது படிக்கிற மகளும்தான். என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று ஒருத்தராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி நஷ்டத்தோடு போயிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்குக் கொரங்காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் மழை குறைச்சல். மானாவாரி நிலத்தை மூன்று நாலு ஏக்கராகப் பிரித்து, சுற்றிலும் முள்கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல் மரமுமாக விட்டிருப்போம். புல் காய்ந்து போகிற கோடையில் வெள்வேல் காய் உதிர்ந்து ஆட்டுக்கு ஆகும். காலையில் ஆடுகளை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் சாயங்காலம் போய் ஓட்டி வந்தால் போதும், நடுவில் மேய்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. கொரங்காட்டின் பலமே இதுதான். வீட்டு வேலை, இரண்டு எருமை, பள்ளிக்கூடப் பிள்ளை என்று எல்லாவற்றுக்கும் நடுவில் ஒற்றைப் பெண்ணால் ஐம்பது அறுபது செம்மறியை வளர்க்க முடிகிறதென்றால் அந்த வேலியை நம்பித்தான். ஆனால் அந்த வேலி ஆடு வெளியே போகாமல் இருக்கப் போட்ட வேலி. நாய் உள்ளே வராமல் இருக்கப் போட்டதல்ல. கிளுவைக்குக் கீழே தூரில் இருக்கிற சந்தில் நாய் தாராளமாக நுழையும். எங்கள் மாமனார் காலத்தில் எப்போதாவது குள்ளநரி வந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போகும், அத்தோடு சரி. இப்போது ரோட்டோரம் கொட்டுகிற கோழிக்கடைக் கழிவையும், வீசி எறிகிற செத்த பிராய்லர் கோழியையும் தின்று வளர்ந்த நாய்கள் கூட்டமாகத் திரிகின்றன. நரி பசிக்குக் கடிக்கும். இந்த நாய்க்கூட்டம் எதிரில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் கடிக்கும். ஆடு வளர்க்கிற முறை முழுக்க 'யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை' என்பதன் மேல் நின்றது. அந்த அஸ்திவாரம் எங்கள் பக்கத்தில் போய்விட்டது. இதை ஒத்துக்கொள்ளவே எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

அன்றைக்கு ராத்திரி தூறல். கரண்ட்டும் இல்லை. பட்டி எங்கள் சாளையை, அதாவது காட்டு வீட்டை, ஒட்டித்தான் இருக்கிறது, இருந்தும் ஒரு சத்தம் கேட்கவில்லை. வெள்ளாடாக இருந்தால் கத்தி ஊரைக் கூட்டியிருக்கும். செம்மறி வாயே திறக்காது. நாய் கடித்து இழுக்கும்போதுகூடச் சத்தமில்லாமல் நிற்கும். 'நாய் வந்தால் ஆடு கத்தும், எழுந்துகொள்ளலாம்' என்று நினைத்துத் தூங்குகிற செம்மறிக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்னால் எருமை கறக்க எழுந்தபோதுதான் பார்த்தேன். 56 உருப்படியில் 11 செத்துக் கிடந்தன. அதில் நாலு ஆட்டின் மேல் பல்லே படவில்லை. பயத்தில் எல்லாம் ஒரே மூலையில் போய் அடைந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் சிக்கியவை மூச்சுமுட்டிச் செத்திருந்தன. மற்றவற்றுக்குக் கழுத்திலும் பின்தொடையிலும் கடி. சிலது ரத்தமே தெரியாமல் நின்றுகொண்டிருந்தன.

அந்த ரத்தம் தெரியாத ஆடுகள்தான் என்னை ஏமாற்றின. மூன்றாம் ஈத்துப் பெட்டை ஒன்று, செவலை, ஓரமாக நின்று அசைபோட்டுக்கொண்டுகூட இருந்தது. அதற்கு ஒன்றுமில்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். டாக்டர் வந்து அதன் தொண்டைப் பக்கம் என் விரலை வைத்து அமுக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் நொறுநொறுவென்று இருந்தது. பல் மூச்சுக்குழாயில் இறங்கி, மூச்சுக் காற்று தோலுக்கடியில் பரவியிருக்கிறது என்றார். மேலே பார்த்தால் மிளகு அளவு ஓட்டை, மயிர் மூடியிருந்தது. நாய்க்கடியில் வெளிக்காயம் சின்னதாகவும் உள்ளே சதை நசுங்கியும் இருக்கும். அதனால் நிற்கிற ஆடுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, கழுத்து, தொடை, அடிவயிறு, காது என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்து 'நல்லாருக்கு' என்று விடக் கூடாது.

முதல் ஒரு மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. அனுதாபத்தோடுதான் வந்தார்கள், ஆனால் ஆள் கூடக்கூட மிச்ச ஆடுகள் மிரண்டு படலில் போய் முட்டின. ஆகவே முதல் வேலையாக, நல்லபடி இருக்கிற ஆடுகளை வேறு இடத்துக்கு மெதுவாக மாற்றுங்கள், துரத்தாதீர்கள். வந்தவர்களில் நிதானமான ஒருத்தரைப் பிடித்து, பட்டிக்குள் யாரையும் விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கத்துக் காட்டுப் பெரியப்பா எனக்கு அந்த உதவியைச் செய்தார். அப்புறம் செத்த ஆட்டை நகர்த்துவதற்கு முன்னால் போட்டோ எடுங்கள். காப்பீட்டுக்காகக் காதில் மாட்டிய எண் வில்லை இருந்தால் அதன் எண் தெரிகிற மாதிரி தனியாக ஒன்று. பிறகு கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962, உள்ளூர்க் கால்நடை மருந்தகம், கிராம நிர்வாக அலுவலர், போலீஸ் என்று வரிசையாகப் போன். போலீஸில் புகார் கொடுத்தால் மனு ரசீது தருவார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு எந்த மேசைக்குப் போனாலும் 'நாய்தான் கடித்தது என்பதற்கு என்ன ஆதாரம்' என்பதுதான் முதல் கேள்வி.

எட்டு மணிக்கெல்லாம் வியாபாரி ஒருத்தர் வண்டியோடு வந்துவிட்டார். செத்ததுக்கும் சாகப்போவதுக்கும் சேர்த்து ஒரு விலை சொன்னார். பத்தாயிரம் பெறுகிற ஆட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு. கையில் காசு இல்லாத நேரத்தில் அது பெரிய பணமாகத்தான் தெரியும். கொடுக்காதீர்கள். கடித்த நாய்க்கு வெறி இருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கறி இன்னொருத்தர் வீட்டு அடுப்புக்குப் போகும், அறுக்கிறவர் கையில் அந்த எச்சிலும் ரத்தமும் படும். அதோடு, பிரேதப் பரிசோதனை செய்து சான்று வாங்காமல் ஆட்டை அனுப்பிவிட்டால் காப்பீடும் இல்லை, இழப்பீடும் இல்லை. பரிசோதனை முடிந்ததும் ஜேசிபி வைத்து ஆறடிக்குக் குழி எடுத்து, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மேலாகப் புதைத்தால் அதே நாய்கள் வந்து தோண்டும்.

காயத்துக்கு மருந்து போடுவதைவிடக் கழுவுவதுதான் முக்கியம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். காயத்தைச் சுற்றி மயிரைக் கத்தரித்துவிட்டு, துணி சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவ வேண்டும். ஒவ்வொரு ஆட்டுக்கும் பதினைந்து நிமிஷம். மோட்டார்க் குழாயைப் பட்டி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து நானும் மகளும் செய்து முடிக்க மதியம் தாண்டிவிட்டது. அதன் பிறகு அயோடின். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அன்றைக்கு எதையும் அப்ப வேண்டாம். நாய்க்கடிக் காயத்தைத் தைக்கவும் மாட்டார்கள், திறந்தபடி ஆற வேண்டும். ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) ஊசி. வெறிநோய்க்குக் கடித்த அன்று, 3, 7, 14, 28-ம் நாள் என்று ஐந்து ஊசி. மருந்தகத்தில் இருப்பு இருந்த வரைக்கும் போட்டார்கள், மீதியை வெளியே வாங்கினேன். 'செம்மறிக்கு எதற்கு இவ்வளவு செலவு' என்று கேட்டவர்கள் உண்டு. வெறிநோய் வந்த ஆட்டுக்கு மருந்தே கிடையாது, அதன் வாயில் கை வைத்துப் பார்க்கிற மனுஷருக்கும் ஆபத்து. என் கையிலும் மகள் கையிலும் முள் கீறிய காயம் இருந்ததால் நாங்கள் இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டோம். ஆட்டைப் பற்றிய கவலையில் தன்னை மறந்துவிடுகிற வேளை அது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ரத்தம் பட்ட ஆட்டைத் தூக்கியவர்கள் எல்லோரும் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பாவம் பார்த்து அரிசிச் சோறும் கஞ்சியும் வைத்துவிடுவோம். அத்தை சட்டி நிறையச் சோறு வடித்துக்கொண்டு வந்துவிட்டார். டாக்டர் தடுத்தார். மிரண்டுபோய் வயிறு வேலை செய்யாமல் நிற்கிற ஆட்டுக்குச் சோறு போனால் வயிற்றில் புளிப்பு ஏறி, நாய் விட்டதைச் சோறு முடித்துவிடும். நிழல், வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீர், கொஞ்சம் சோளத்தட்டு, கொஞ்சம் அகத்தித் தழை. அவ்வளவு போதும்.

நாய்க்கடியின் நஷ்டம் அன்றோடு முடிவதில்லை. இதை யாராவது சொல்லியிருந்தால் என் மனசு அந்த அளவுக்கு உடைந்திருக்காது. அந்தச் செவலை மூன்றாம் நாள் செத்தது. அடுத்த பத்து நாளுக்குள் இன்னும் ஐந்து போனது. ஒன்று சளி கட்டி, இரண்டு காயம் அழுகி, மற்றவை காரணமே தெரியாமல் படுத்துவிட்டன. பயத்திலேயே உடம்பு கெட்டுச் சாகும் என்றார் டாக்டர். சினையாடுகளில் எட்டு, சினை கலைந்து குட்டியை வீசிவிட்டன. விழுந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுக்க வேண்டாம், பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி எடுத்துப் புதையுங்கள். மழைக்காலம் என்பதால் ஈ மொய்த்து இரண்டு ஆட்டுக்குத் தொடைக் காயத்தில் புழு வைத்துவிட்டது. சீத்தா இலையை அரைத்து வைத்தோம், புழு வெளியேறியது. அதற்கப்புறம் குப்பைமேனி, பூண்டு, மஞ்சள், வேப்பிலை எல்லாம் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, தினமும் இரண்டு வேளை தடவினோம். தொடர்ந்து சாகிறதே, நாம் ஏதோ தப்பாகச் செய்கிறோமோ என்று அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. அப்படி இல்லை. நாய்க்கடியில் இரண்டாவது சுற்றுச் சாவு இருக்கும், அதை எதிர்பார்த்தே இருங்கள். பத்து நாள் கழித்துச் செத்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பரிசோதனைச் சான்று வாங்குங்கள்.

பணக்கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செத்த 17 உருப்படி ஒன்றரை லட்சம். வீசிப்போன குட்டிகளை நாலாம் மாதம் விற்றிருந்தால் வந்திருக்கக்கூடியது நாற்பதாயிரம். மருந்து, ஊசி, வண்டி, ஜேசிபி இருபதாயிரம் பக்கம். அதன் பிறகு போட்ட வேலி 45,000. கூட்டினால் இரண்டரை லட்சம், எங்கள் பட்டியின் இரண்டு வருஷ வருமானம். 25 ஆடுகளுக்குக் காப்பீடு இருந்தது. அதில் 9 செத்தன, 7-க்குத்தான் பணம் வந்தது. மற்ற இரண்டுக்கும் நாய் காதோடு சேர்த்து வில்லையைப் பிய்த்துவிட்டது. வில்லை இல்லாவிட்டால் பணமில்லை என்பது அவர்கள் விதி. பட்டி மண்ணைச் சலித்துப் பார்த்தும் கிடைக்கவில்லை. இப்போது ஒவ்வொரு ஆட்டையும் வில்லை எண் தெரியும்படி முகத்தோடு போட்டோ எடுத்துப் போனில் தனியாக வைத்திருக்கிறேன். வில்லை விழுந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்துப் புது வில்லை போட்டுவிடுகிறேன்.

இனி மனசைப் பற்றி. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் பிரயோஜனமில்லை. அந்த மாதம் முழுக்கப் பட்டிப் படலைத் திறக்கவே கை வராது. ராத்திரி தூக்கத்தில் நாய் குரைப்பு கேட்டு எழுந்து ஓடுவேன், ஒன்றும் இருக்காது. சாப்பாடு இறங்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால்கூட எரிச்சல் வந்தது. 'என்னத்துக்கு அம்மணி இந்தப் பாடு, இருக்கறதை வித்துப்போட்டுத் தேங்காய்க் களத்துக்கு வேலைக்குப் போ, தினம் கூலி வரும்' என்று நல்ல மனசோடு சொன்னவர்கள் நிறையப் பேர். 'ஆம்பளை இல்லாத சாளையில ஆடு வெச்சா இப்படித்தான்' என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர்களும் உண்டு. வீட்டுக்காரரிடம் போனில் அழ முடியாது, அவர் மலைப்பாதையில் லோடு ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். 'ஒண்ணுமில்லீங்க மாமா, பாத்துக்கறேன்' என்பேன். அந்தப் பொய்தான் என்னை அதிகமாகக் களைப்பாக்கியது.

விற்றுவிடலாம் என்று ஒரு கட்டத்தில் முடிவே செய்துவிட்டேன். வியாபாரி வந்தார். அடிபட்டு இளைத்த ஆடுகளைப் பார்த்து, பாதி விலைக்கும் கீழே கேட்டார். அப்போது அத்தை குறுக்கே வந்தார். 'விக்கோணும்னா வித்துக்கலாம் கண்ணு. ஆடு தேறட்டும், அப்பறம் வித்தா அப்பவும் காசு வரும்ல' என்றார். அவ்வளவுதான் சொன்னார். வேண்டாம் என்று சொல்லவில்லை, தள்ளிப் போடச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் என் தோளில் இருந்த பாரம் இறங்கியது. அடிபட்ட மாதத்தில் பட்டியைப் பற்றி எந்தப் பெரிய முடிவும் எடுக்காதீர்கள். விற்பதும் வேண்டாம், புதிதாக வாங்குவதும் வேண்டாம். அடுத்த குட்டிப்பருவம் வரைக்கும் என்று ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். தை கடைசியில் நான் உட்கார்ந்து யோசித்தபோது, விற்க வேண்டும் என்ற எண்ணம் பாதியாகக் குறைந்திருந்தது.

அந்த நாட்களில் என்னைப் பிடித்து நிறுத்தியது காலையும் மாலையும் காயத்துக்கு மருந்து போடுகிற வேலைதான். நம்பிக்கையோடு போனேன் என்று சொல்ல மாட்டேன், போயாக வேண்டும் என்று போனேன். 14 ஆடுகளைப் பிடித்து, துடைத்து, தடவி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம் மனசு வேறெங்கும் ஓடாது. மூலனூர்ப் பக்கத்தில் இரண்டு வருஷம் முன்னால் இதே மாதிரி ஆடு இழந்த ஓர் அக்கா, கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்து ஒரு பகல் முழுக்க என்னோடு இருந்தார். தன் வீட்டில் நடந்ததைச் சொன்னார், தானும் ஒரு மாதம் பட்டிப் பக்கம் போகவில்லை என்றார். எனக்கு மட்டும்தான் இப்படி என்று இருந்த எண்ணம் அன்றைக்கு விட்டது. தூக்கம் அப்படியும் சரியாகவில்லை. மகளுடைய டீச்சர் 14416 என்ற எண்ணைக் கொடுத்தார். டெலி மானஸ் என்று அரசாங்கம் நடத்துகிற மனநல உதவி எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். ஆடு செத்ததற்கெல்லாம் இதற்குப் போன் பண்ணுவார்களா என்று தயங்கித்தான் பண்ணினேன். அந்தப் பக்கம் பேசியவர் அவசரப்படாமல் கேட்டார். தினமும் கையால் தொட்டு வளர்த்த ஜீவன்கள் கண் முன்னால் போனால் மனசு உடையத்தான் செய்யும். தயங்காமல் பேசுங்கள்.

கோபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறியில் விஷம் கலந்து வைக்கலாம் என்று இளவட்டங்கள் சிலர் வந்தார்கள். எனக்கும் அந்த நேரத்தில் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அது குற்றம். அதோடு விஷம் தெருநாயோடு நிற்காது. வீட்டு நாய், மயில், காக்கை எல்லாம் சாகும். சட்டப்படி உள்ளாட்சி நிர்வாகம்தான் தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட வேண்டும். 2023-ல் வந்த விதிகளின்படி பிடித்த இடத்திலேயே திரும்பவும் விட்டுவிடுவார்கள். அதனால் கருத்தடை மட்டும் நடந்தால் உடனே பட்டிக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. எங்கள் ஊரில் பலன் தெரிந்தது வேறொன்றில். கிராம சபையில் எல்லோருமாகச் சேர்ந்து எழுதிக் கொடுத்து, வாய்க்கால் மேட்டில் கோழிக்கழிவு கொட்டுவதை நிறுத்த வைத்தோம். தீனி நின்றதும் அந்த இடத்தில் கூட்டம் கூடுவது குறைந்தது. உங்கள் ஊரில் நாய் எங்கே கூடுகிறது, அங்கே என்ன கொட்டுகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

வேலிக்கு வருவோம். ஐந்து ஏக்கர் கொரங்காட்டைச் சுற்றிக் கம்பி வலை போட வேண்டுமென்றால் ஆயிரத்து எண்ணூறு அடிக்கு மேல் வரும், என்னால் முடியாது. அதனால் ராத்திரி அடைக்கிற பட்டிக்கு மட்டும் 200 அடி சுற்றளவுக்குக் கல்தூண் நட்டு ஆறடி வலை போட்டேன். நாய் வேலியைத் தாண்டுவதைவிட அடியில் பறித்துக்கொண்டு நுழைவதுதான் அதிகம். வலையின் அடிப்பாகத்தை ஓரடி மண்ணுக்குள் இறக்குங்கள், இல்லாவிட்டால் வெளிப்பக்கமாகத் தரையில் இரண்டடி விரித்து மேலே கல்லை அடுக்குங்கள். உள்ளே மூலைகளை வளைத்துவிட்டேன். ஆடு மிரண்டாலும் ஒரு மூலையில் போய் நசுங்காமல் சுற்றி ஓடும். சோலார் லைட் ஒன்று. கரண்ட் லைனிலிருந்து நேராகக் கம்பி இழுத்து வேலியில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் செத்தவர்களில் சொந்தக் காட்டுக்காரர்களும் உண்டு. அந்தப் பக்கமே போகாதீர்கள். பகலில் மேய்கிற கொரங்காட்டுக்கு, கிளுவைச் சந்துகளில் வேலமுள்ளை அடைத்து, மழை விழுந்ததும் புதுக் கிளுவைப் போத்து (நடுகிற குச்சி) நட்டோம். சுற்று வட்டாரக் காட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒன்று சேர்ந்திருக்கிறோம். நாய்க்கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவர் உடனே போடுவார், பக்கத்தில் இருப்பவர் போய் ஆட்டை ஓட்டி அடைப்பார். அடுத்தவர் ஆடு என்று யாரும் பார்ப்பதில்லை.

ஆடுகளைத் திரும்பச் சேர்ப்பதில் அவசரம் வேண்டாம். காப்பீட்டுப் பணம் வந்ததும் கன்னிவாடிச் சந்தைக்குப் போய்ப் பத்து உருப்படி பிடித்து வந்துவிடலாம் என்றுதான் தோன்றும். சந்தையிலிருந்து வருகிற ஆடு ஆட்டுக்கொல்லி நோயையும் கொண்டு வரலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி வாங்கிக் கலந்துவிட்டு, மூக்கில் சளி, வாய்ப்புண், கழிச்சல் என்று வரிசையாகக் குட்டிகளை இழந்தார். வாங்கியே ஆக வேண்டுமென்றால் மூன்று வாரமாவது தனியாகக் கட்டிப் பாருங்கள். ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை மூன்று மாதம் தாண்டிய குட்டிகளுக்குப் போட்டுவிட்டால் மூன்று வருஷம் போல் தாங்கும். துள்ளுமாரி நோய்க்கு வருஷா வருஷம் மழைக்கு முன்னால் போட வேண்டும். நான் சந்தைக்குப் போகவில்லை, சொந்தப் பொட்டைக்குட்டிகளை விற்காமல் நிறுத்தினேன். எங்களுடையது மேச்சேரி இனச் செம்மறி, பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும், சினை ஐந்து மாதம், குட்டி வளர்ந்து ஈனுவதற்கு ஒன்றரை வருஷம் போல் ஆகும். அதுவரைக்கும் கையில் காசு வராது. மகளிர் குழுக் கடனுக்கு, தவணை தவறுவதற்கு முன்னாலேயே போய் மருந்தகச் சான்றைக் காட்டி நிலைமையைச் சொன்னேன், தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். தவறிய பிறகு போயிருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.

தெருநாய் கடித்துச் செத்த கால்நடைகளுக்கு இழப்பீடு தர 2025-ல் அரசு உத்தரவு போட்டது. விவசாயிகள் விடாமல் போராடி வாங்கியது அது. அதற்கு மனுக் கொடுக்கப் போன ஓர் அலுவலகத்தில் 'பழைய கேஸ், பேப்பர் இருக்கா' என்று அலட்சியமாகக் கேட்டார்கள். பிரேதப் பரிசோதனைச் சான்று, மனு ரசீது, போட்டோ எல்லாம் ஒரே பையில் வைத்திருந்தேன், எடுத்து மேசையில் வைத்தேன். மனுவை வாங்கிக்கொண்டார்கள். எல்லாவற்றையும் நகல் எடுத்து, கொடுத்த தேதி போட்டு முத்திரையோடு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.

இப்போது பட்டியில் ஆடுகள் ஐம்பதைத் தொடவில்லை. கடன் இன்னும் பாக்கி. மழை ராத்திரிகளில் இன்றைக்கும் ஒரு தடவை எழுந்து டார்ச் அடித்துப் பார்க்காமல் தூக்கம் வருவதில்லை. சுற்று வட்டாரத்தில் எந்தப் பட்டியில் நாய் புகுந்தாலும் எனக்குப் போன் வந்துவிடுகிறது. போகும்போது கத்தரி, சோப்பு, அயோடின், ஒரு நீளக் குழாய், டிபனில் நாலு பேருக்குச் சாப்பாடு எடுத்துப் போவேன். எத்தனை செத்தது, காவலுக்கு யார் இருந்தது என்று அவர்களைக் கேட்பதில்லை. காலையிலிருந்து அதையே நூறு பேருக்குச் சொல்லியிருப்பார்கள். நேராகப் போய் மிச்ச ஆட்டைப் பிடித்து, கழுவ ஆரம்பித்துவிடுவேன். யாராவது ஒருத்தர் எருமையைக் கறந்து, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு டாக்டரோடு நின்று பேச நேரம் கிடைக்கும். உங்கள் ஊரில் இப்படி நடந்தால் முதலில் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.